இரண்டு ஊர், இரண்டு அஸர்

அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக வாப்பா சொல்லியிருந்தார். ஜுவைரியாவும் அஸருக்குப் பிறகுதான் போனாள். இருந்தும் இருவரும் சந்திக்கவில்லை. ஒரு ஞாயிறு அல்ல, இரண்டு ஞாயிறு இப்படியே ஆனது.

சந்திக்க வேண்டிய இடம், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே தீனா அண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டர். அங்கே மூன்றாம் நம்பர் கணினியின் தலையில் மட்டும் ஒரு கேமரா இருந்தது. இது 2004-ஆம் ஆண்டின் கதை. முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் அப்போது அப்படி ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஜுவைரியாவின் வாப்பா மொய்னுதீன், இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். புதிய இயந்திரத்தை ஓட்டப் பழகுவதற்காக ஆலை அவரை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அவர் விமானம் ஏறிய பத்தாம் நாள் ஜுவைரியாவுக்குத் தம்பி பிறந்தான். வாப்பா அவன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. மாடி வீட்டு போனில் அவன் அழுகையை மட்டும் கேட்டிருக்கிறார். அந்த போனும் மழையில் கேபிள் நனைந்து ஊமையாகிவிட்டது.

அது ஊமையாவதற்கு முன் வாப்பா கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கிழமை அஸர் முடிஞ்சதும் நெட் சென்டருக்கு வாங்க."

அவர்கள் வீட்டில் நேரத்தைத் தொழுகையை வைத்துத்தான் சொல்வார்கள். மதியத் தொழுகையான லுஹருக்கு முன்னால் சோறு வடித்துவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும். அஸர் என்பது சாயங்காலத் தொழுகை. பள்ளிவாசல் பாங்கு கேட்டால் போதும், யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

முதல் ஞாயிறு, அஸர் முடிந்து மூன்றரை மணிக்கு ஜுவைரியாவும் உம்மாவின் தம்பி அஸ்கர் மாமாவும் போய் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் வாப்பா வரவில்லை. "நாங்கள் வந்தோம், நீங்கள் இல்லை" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அன்றிரவு மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதைவிட நாலு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று ஆலையில் யாரோ சொன்னார்களாம். அப்படியானால் வாப்பாவின் அஸரும் பிறகுதானே வரும்? அடுத்த ஞாயிறு அவர்கள் இரவு ஏழரைக்குப் போனார்கள். அப்போதும் வாப்பா இல்லை. ஆனால் இரண்டு மெயில்கள் காத்திருந்தன.

ஒன்று போன ஞாயிறு வந்தது. "நான் இங்கே அஸர் தொழுதுவிட்டு வந்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் உங்கள் அஸருக்கே வந்துவிடுகிறேன்."

இன்னொன்று அன்று வந்தது. "உங்கள் அஸருக்கு வந்து காத்திருந்தேன். யாரையும் காணோம். இங்கே மணி பதினொன்றே முக்கால். விடுதிக் கணினிக்கு அடுத்த ஆள் நிற்கிறார், எழுந்துகொள்கிறேன். அடுத்த திங்கட்கிழமை என்னை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு மாதம் கணினி இல்லை. வருகிற ஞாயிறாவது பிள்ளையைக் காட்டுங்கள்."

"சரியான பேஜாரு," என்றார் மாமா. "இந்த வாட்டி ரெண்டு அஸருக்கும் நடுவுல போய் உக்காந்துக்கலாமா?"

ஜுவைரியா சிரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமையோடு தம்பி பிறந்து நாற்பது நாள் முடிகிறது. அதுவரை உம்மாவும் பிள்ளையும் வெளியே வருவதில்லை. வந்தாலும் ஒரு முறைதான் வருவார் உம்மா. தெருவெல்லாம் தண்ணீர், பிள்ளைக்கு ஏற்கெனவே சளி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குறுகலான சந்து. மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே தண்ணீர்க் குடங்கள் கட்டிய சைக்கிளோடு பக்கத்துத் தெரு பூவராகவன் வந்தார். மாமா இடப்பக்கம் ஒதுங்கினார். வழிவிட நினைத்து அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். மாமா மறுபக்கம் வந்தார். அவரும் மறுபக்கம் வந்தார். இரண்டு மணிகளும் கிணுகிணுத்தன.

"யோவ் அஸ்கரு, நீ நில்லுய்யா. நான் போய்க்கினே இருக்கேன்," என்றார் பூவராகவன். மாமா நின்றார். குடங்கள் சொட்டிக்கொண்டே கடந்து போயின.

ஜுவைரியாவும் நின்றுவிட்டாள். வாப்பாவும் அவர்களும் செய்தது இதேதான். முதல் வாரம் அவரவர் அஸருக்குப் போனார்கள். இரண்டாம் வாரம் அடுத்தவர் வசதிக்காக இருவருமே மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டில் தேதித்தாளைக் கிழித்து இரண்டு நீளத் துண்டுகள் செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளின் இருபத்துநான்கு மணிக்கும் கட்டம் போட்டாள். ஒன்று கும்மிடிப்பூண்டி, இன்னொன்று ஜெர்மனி. பூமி சுழலும்போது சூரியன் முதலில் நம் பக்கம் வருகிறது, பிறகுதான் அந்தப் பக்கம் போகிறது. எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் தெரிய வேண்டும்.

அதற்கான பதில் வாப்பாவின் மெயிலிலேயே இருந்தது. அவர் எழுதியபோது அங்கே பதினொன்றே முக்கால். அந்த மெயில் வந்து சேர்ந்த நேரமாகத் தீனா அண்ணன் கடைக் கணினி காட்டியது நாலே கால். எவ்வளவு தூரமானாலும் மெயில் சில நொடிகளில் வந்துவிடும். ஆகவே இடைவெளி நாலு மணி நேரம் அல்ல, நாலரை மணி நேரம்.

ஒரு துண்டை நாலரைக் கட்டம் நகர்த்தி வைத்தாள். இப்போது மேலே எந்த மணியைத் தொட்டாலும், நேர் கீழே வாப்பாவின் மணி தெரிந்தது.

"தம்பி எப்போம்மா முழிச்சுக்கினு இருப்பான்?"

"அஸர் முடிஞ்சு பால் குடிச்சிட்டு," என்று ஆரம்பித்த உம்மா, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு."

கும்மிடிப்பூண்டித் துண்டில் ஐந்துக்கு நேர் கீழே ஜெர்மனியில் பன்னிரண்டரை இருந்தது.

"ஆனா உங்க வாப்பா நிச்சயம் வருவார்னு தெரிஞ்சாத்தான் பிள்ளையத் தூக்கினு வருவேன்," என்றார் உம்மா.

அதையும் ஜுவைரியா யோசித்திருந்தாள். மெயில் உடனே போய்விடும், ஆனால் யாராவது திறக்கும்வரை பெட்டியில் சும்மா கிடக்கும். அவர்கள் ஞாயிறுதோறும்தான் திறந்தார்கள். அதனால்தான் வாப்பாவின் பதில் ஏழு நாள் கிடந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மாமாவோடு போய் மெயில் அனுப்பினாள். "ஞாயிறு. இங்கே மாலை 5. அங்கே பகல் 12.30. இரண்டும் ஒரே நேரம். எங்களுக்காக நீங்கள் மாற்றாதீர்கள். உங்களுக்காக நாங்கள் மாற்ற மாட்டோம். சரி என்றால் சரி என்று எழுதுங்கள்."

புதன்கிழமை மறுபடி திறந்து பார்த்தாள். ஒரே ஒரு சொல் வந்திருந்தது. "சரி."

ஞாயிறு ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மூன்றாம் நம்பர் கணினி முன்னால் உம்மா பிள்ளையோடு உட்கார்ந்தார். தீனா அண்ணன் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். சரியாக ஐந்துக்குத் திரை மினுங்கி, கம்பளித் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக வாப்பா தெரிந்தார்.

உம்மா துணியை விலக்கிப் பிள்ளையைக் கேமரா பக்கம் உயர்த்தினார். வாப்பா திரைக்கு மிக அருகே வந்ததில் அவர் மூக்கு மட்டுமே தெரிந்தது. தம்பி பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

"என்னை மாதிரியே இருக்கான்," என்றார் வாப்பா கடைசியில்.

"அந்தக் கொட்டாவி மட்டும்," என்றார் உம்மா.

அரை மணி நேரம் ஓடிப்போனது. கிளம்பும்போது வாப்பா, "ஒரு மாசம் கழிச்சு இந்த ஊருக்கே திரும்பி வந்துடுவேன். முதல் ஞாயித்துக்கிழமை, அஸர் முடிஞ்சதும்..." என்றார்.

ஜுவைரியா இரண்டு காகிதத் துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் காட்டினாள்.

வாப்பா சிரித்துவிட்டார். "அங்க அஞ்சு, இங்க பன்னெண்டரை."