வெதுவெதுப்பான நுரை

நுரை வெதுவெதுப்பாக இருந்தது.

பியர் நுரைத்தது எல்ராய் ஷிமெக்குக்கு வியப்பில்லை. நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர் அவர். நிலவறையில் பீப்பாய் வைத்து, சுவரைத் துளைத்துக் குழாய் இழுத்து, வீட்டிலேயே பியர் ஊற்றிக் குடிப்பது ஏரிக்கரையின் இந்த ஊரில் பாதி வீடுகளில் உண்டு. அதில் பாதிக் குழாய்கள் நுரைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நுரை ஜில்லென்று இருக்க வேண்டும். கோப்பை விளிம்பைத் தாண்டி அவருடைய கட்டைவிரல் மேல் வழிந்த இது, யாரோ அப்போதுதான் வாயிலிருந்து துப்பியது போன்ற சூட்டோடு இருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் புளித்த ரொட்டி மணமும், அதன் அடியில் இன்னொரு மணமும் எழுந்தன. அந்த இன்னொன்று என்னவென்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

"என்ன எல்ராய், கரண்டி கொண்டு வரவா?" நிலவறைப் படிக்கட்டின் உச்சியில் நின்று பெர்னடெட் கேட்டாள். அண்ணன் லைலின் மனைவி. "வர்றவங்க எல்லாருக்கும் கிண்ணத்துல போட்டுக் குடுத்துடறேன்."

"ஒரு மணி நேரம் குடு பெர்னி. சரி பண்ணிடறேன்."

"நாலரைக்கு சர்ச்சுல பூசை. முடிஞ்சதும் இருபது பேர் வந்து நிப்பாங்க. முதல் கோப்பை அந்த மனுஷன் நாற்காலிக்கு முன்னாடி வைக்கணும்னு உங்க ஆளுங்க அடம் பிடிப்பாங்க. நுரையவா வைக்கறது?"

புதுப் பீப்பாயின் முதல் கோப்பை வீட்டுக்காரனுக்கு. ஷிமெக் குடும்பத்தில் அது அப்படித்தான். இந்த வீட்டுக்காரன் லைல் செத்து இன்றோடு ஒரு வருடம்.

அவள் இரண்டு படி இறங்கினாள். மேலே அடுப்பில் கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்ந்து காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த 'பூயா' குழம்பின் வாசனை அவளோடு இறங்கியது. "நான் பூசைக்குப் போறதே ஊருக்காகத்தான். ஒரு வருஷமா அவன் கல்லறைக்கு ஒரு பூ வெக்கல. வெக்க மனசு வரல. ஒரு வாஷர் போடச் சோம்பல்பட்டு என்னைத் தனியா விட்டுட்டுப் போனவனுக்கு எதுக்குப் பூ?" கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கு சிலிண்டர மாத்தினது அவன்தானே எல்ராய்?"

பியர் ஊற்றும் மேடைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், குளிர் அறையின் இயந்திரம் ஒரு கனைப்போடு நின்றது.

"ஆமா," என்றார் எல்ராய்.

அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அவர் அடுத்த கோப்பையை எடுத்துக் குழாயைத் திறந்தார். பிடியும் இப்போது சுட்டது.

குளிர் அறை முன்பு உருளைக்கிழங்கு சேமித்த குழி. நிலவறைத் தரையிலிருந்தும் மூன்று படி கீழே. லைல் அதன் சுவர்களுக்குத் தகரம் அடித்து, பீப்பாயையும் பியரைத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டரையும் உள்ளே வைத்திருந்தார். எல்ராய் கதவைத் திறந்து இறங்கினார். போன வருடம் லைல் செத்த பிறகு அவரே முழங்கால் உயரத்தில் பொருத்திய வாயு எச்சரிக்கைக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. வெப்பமானியில் பாரன்ஹீட் முப்பத்தெட்டு, கச்சிதம். அழுத்தம் பன்னிரண்டு பவுண்டு, அதுவும் சரி. இருந்தாலும் பத்துக்கு இறக்கினார். குழாயை நீவிப் பார்த்தார், மடிப்பு இல்லை. மேலே வந்து குழாய்முனையைக் கழற்றி, வெந்நீரில் தூரிகை விட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டினார். கை தானாகவே செய்தது. இந்த வேலையில் அவருக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. கோளாறு என்றால் காரணம் இருக்கும், காரணம் என்றால் ஒரு திருகாணியில் முடியும்.

திறந்தார். நுரை.

இந்த முறைதான் அதன் தாளத்தைக் கவனித்தார். வாயு சிக்கிய குழாய் விக்கும், துப்பும், ஒழுங்கில்லாமல் உமிழும். இது அப்படியில்லை. பொங்கி வந்தது, நின்றது. மூன்று எண்ணும் நேரம். மறுபடி பொங்கி வந்தது, நின்றது. தூங்குகிற பெரிய உடம்பு ஒன்றின் மூச்சு. லைல் பெரிய உடம்புக்காரர்.

போன நவம்பரில் சிலிண்டரை மாற்றியது எல்ராய்தான். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வாயில் புது வாஷர் போட வேண்டும், காகித அட்டை போன்ற சின்ன வளையம். அன்று பையில் புதியது இல்லை. மான் வேட்டைக்குச் சாமான் கட்டும் அவசரம். பழையதையே எடுத்து, வளைந்திருந்ததைப் பல்லில் கடித்து நேராக்கிப் போட்டார். "டேய் பொடியா, ஒழுங்கா முறுக்கினியா? எங்கயாவது புஸ்ஸுனு போயிடப் போகுது," என்று லைல் பியர் மேடையிலிருந்து கத்தினார். "உன் வயித்துல போறத விடக் கம்மியாத்தான் போகும்," என்று இவர் கத்தினார். இருவரும் சிரித்தார்கள்.

இரவு முழுக்கக் கசிந்திருக்கிறது. காற்றைவிடக் கனமான வாயு, குழியில் தண்ணீர் மாதிரி தேங்கும். காலையில் பீப்பாய் மாற்ற இறங்கிக் குனிந்த லைல் நிமிரவே இல்லை. பெர்னடெட் முதலில் கூப்பிட்டது எல்ராயைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணனை இழுத்து வெளியே போட்டார். வாயில் நுரை கட்டியிருந்தது. அவள் வாசலில் நின்று ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையசைத்த இரண்டு நிமிடத்தில், மறுபடி மூச்சடக்கி உள்ளே போய்ப் பழைய வாஷரைக் கழற்றினார். அன்று மாலை அதைப் படகுத்துறையிலிருந்து ஏரியில் எறிந்தார்.

அண்ணனின் வாயிலிருந்து துடைத்த நுரையின் மணம். அதுதான் அந்த இன்னொரு மணம்.

மறுபடி குளிர் அறைக்குள் இறங்கினார். சிலிண்டரை அடைத்தார். பீப்பாயின் தலையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். இனி எதுவும் வர வழியில்லை. குழாயின் நுனி கையில் தொங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றும் சத்தம் கேட்டது.

நின்றது.

மூன்று எண்ணும் நேரம்.

கேட்டது.

கையிலிருந்த நுனி அவருடைய உள்ளங்கையை உறிஞ்சியது. விட்டது. வெதுவெதுப்பான காற்று.

பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார். பழைய வழி இது, எந்தக் கருவியும் வருவதற்கு முன்பிருந்த வழி: வாயு தேங்கிய மட்டத்தில் சுடர் அணையும். சுடரை மெல்லக் கீழே இறக்கினார். முழங்காலில் அணைந்தது. கருவியில் பச்சை விளக்கு. மறுபடி பற்றவைத்தார். தொடையில் அணைந்தது. பச்சை. இடுப்பில் அணைந்தது.

பச்சை.

படி. ஒன்று. கால் கனத்தது. இரண்டு. மார்பில் யாரோ உட்கார்ந்தது போல. மூன்று.

வெளியே வந்து கதவை முதுகால் சாத்தினார். பியர் மேடை விளக்கு எரிந்தது. பெர்னடெட் பூசைக்கான கறுப்புக் கோட்டுடன் லைலின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு வருடமாக இல்லாத சிரிப்பு.

"பண்ணிட்டியே, கில்லாடி!"

நாற்காலிக்கு முன்னால் கோப்பை இருந்தது. தேன் நிறம். கண்ணாடி போலத் தெளிவு. மேலே இரண்டு விரல் நுரை, வெள்ளையாக, அசையாமல்.

"நான் இன்னும் ஊத்தல பெர்னி," என்று சொல்ல நினைத்தார். நாக்கு கனத்தது.

அவள் கோப்பையை விளக்குக்கு நேரே உயர்த்தினாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "அடியில என்னமோ கெடக்கு." நுரைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பழுப்பேறிய சின்ன வளையம். ஏரி மணல் ஒட்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு பல் தடம். ஒன்று ஆழமாக, பக்கத்தில் ஓரம் உடைந்த பல்லின் சாய்ந்த கோடு.

அவள் எல்ராயின் வாயைப் பார்த்தாள். முப்பது வருடமாக அவள் கேலி செய்யும் அந்த உடைந்த பல்லை.

"எல்ராய்," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு மாத்தினது யாரு?"

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. நான்தான். ஒரு சொல். வாயைத் திறந்தார்.



வெதுவெதுப்பாக, முகவாய் வழியே, சட்டையின் மேல் நுரை வந்தது. நின்றது. மூன்று எண்ணும் நேரம். மறுபடி வந்தது.

பியர் மேடையின் மேல், யாரும் தொடாத குழாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு குமிழி இல்லாமல், நூல் பிடித்தாற்போல, பியர் தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது.