கேட்டால் மறைக்க மாட்டேன்

“போலீஸ் வந்தா, நேத்து பொழுது சாஞ்சதுலேர்ந்து அர்ஜுனன் வீட்லதான் இருந்தான்னு சொல்லணும்… புரிஞ்சுதா?”

ரத்தக்கறை பட்ட வேட்டியைக் கிணற்றடிக் கல்லில் கசக்கியபடி மருமகளிடம் சொன்னாள் தில்லையம்மாள். கலாவதி அந்தக் கறையையே பார்த்தபடி நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பிள்ளையார்பாளையத்தில் தறிகளெல்லாம் நின்றிருந்த சமயம் அது. பக்கத்துத் தெரு ஆதிகேசவன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நெய்தான். அந்த ஆத்திரத்தில்தான் தில்லையம்மாளின் இளைய மகன் அர்ஜுனன் அவனைக் கட்டையால் அடித்தான். ஆதிகேசவனின் வலது கை முறிந்துவிட்டது. இருட்டுகிற நேரம், பார்த்தவர் யாருமில்லை.

கலாவதி மெல்ல மைத்துனன் பக்கம் வந்தாள். அவளுக்குப் பிள்ளையில்லை. அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே கண் விழித்து வளர்த்தவள் அவள்தான்.

“அர்ஜுனா, நீயே போய்ச் சொல்லிடுப்பா. நான் கூட வரேன்.”

“இன்னா அண்ணி பேசறே? ஜெயில்ல போட்ருவாங்க!”

“நானா போயி சொல்ல மாட்டேன்டா. ஆனா, கேட்டா மறைக்க மாட்டேன். மறைச்சா, கையொடிஞ்சு கிடக்கறானே, அவன் பொய்யன்னு ஆயிடும்…”

ஆதிகேசவன் கொடுத்த புகாரில் போலீஸ் வந்தது. தாய் சாதித்தாள். மூத்தவன் குமாரசாமியும் தலையாட்டினான். இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கலாவதியைக் கேட்டார்.

“விளக்கு வெச்சப்புறம்தான் வந்தான். வேட்டியில ரத்தம் இருந்துது.”

“அண்ணீ… நீயா?” என்றான் அர்ஜுனன். அவனை அழைத்துப்போகும்போது அவள் முகத்தை அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஜீப் தெருமுனை தாண்டியதும் குமாரசாமி மனைவியை அறைந்தான். கல்யாணமாகி அதுவரை அவன் கை நீட்டியதில்லை. அவள் முகத்தை மறைக்கவில்லை. கண்ணில் நீர் தளும்பியது, அவ்வளவுதான்.

“பெத்த வயிறு எரியுதுடி! என் அடுப்பைத் தொடாதே!” என்று தில்லையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

கோர்ட்டிலும் கலாவதி அதையேதான் சொன்னாள். அர்ஜுனன் வேலூர் சிறைக்குப் போனான். அண்ணி வந்தால் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினான்.

கலாவதி கொல்லையில் தனியாக அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் எங்கோ போனாள். சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலேயே போனாள் தில்லையம்மாள். ஆதிகேசவன் வீட்டு வாசலில் அவன் மனைவி நீலாம்பாள் கத்திக்கொண்டிருந்தாள்.

“கையை ஒடிச்சது உன் வீடு! இப்ப கஞ்சி ஊத்த வந்துட்டியா? போடீ!”

கஞ்சிப் பாத்திரம் தெருவில் உருண்டது. கலாவதி அதை எடுத்துக் கழுவிக்கொண்டு, “நாளைக்கு வரேம்மா” என்றாள்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். ஏதோ ஒருநாள் நீலாம்பாள் கத்தவில்லை. பிறகு தில்லையம்மாள் ஜன்னல் வழியே பார்த்தபோது இருவரும் ஒரே தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார்கள். நீலாம்பாள் புடவையின் உடல்பகுதியை நெய்ய, அதன் கரைக்கு நூல் கோத்த நாடாவை எறிந்துகொண்டிருந்தாள் கலாவதி.

தில்லையம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. ‘இவளுக்குக் கோபமே வராதா? என்மேலகூடவா?’ கோயில் கருவறையில் தீபாராதனையைப் பார்த்ததுபோல் நின்றவள், யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பினாள். அதற்குப்பின் மருமகளை வைய வாய் வரவில்லை. அடுப்படிக்கு வா என்று கூப்பிடவும் வரவில்லை.

ஓராண்டுக்குப்பின் அர்ஜுனன் விடுதலையாகி வந்தான்.

“அண்ணி எங்கம்மா?”

“ஆதிகேசவன் வீட்ல…”

விடுவிடுவென்று கிளம்பிவிட்டான். “டேய்! அவளை ஒண்ணும் பண்ணிடாதேடா!” என்று அலறிக்கொண்டு ஓடினாள் தாய். குமாரசாமியும் ஓடினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அர்ஜுனன் உள்ளே நுழைந்திருந்தான். நீலாம்பாள் பயந்து சுவரோரம் ஒண்டினாள். கலாவதி எழுந்து ஆதிகேசவனுக்கு முன்னால் நின்றாள்.

“கோவம் தீரலைன்னா என்னை அடிச்சிக்கோப்பா. இவங்களைத் தொடாதே.”

அவன் அப்படியே அவள் காலில் விழுந்தான்.

“ஜெயிலுக்குள்ள அத்தினி பேரும் நான் பண்ணலை, நான் பண்ணலைன்னு சொல்லிக்கினே இருந்தாங்க அண்ணி… நானும் சொல்லிக்கினு இருந்தேன். ஒருநாள் ‘ஆமா, நான்தான் அடிச்சேன்’னு சொன்னேன். அன்னிக்குத்தான் தூக்கம் வந்துது…!”

“எழுந்திருடா… எழுந்திரு…” அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அர்ஜுனன் ஆதிகேசவனின் கோணலாய்க் கூடியிருந்த கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, உன் தறியில நான் உக்காரட்டா?”

ஆதிகேசவன் கையை விடுவித்துக்கொண்டு தறிக்குழியை எட்டிப் பார்த்தான். பிறகு, “பாவு இழை அறுந்துடப்போவுது. பதமா எறங்கு” என்றான்.

தில்லையம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். “நான் பெத்தேன்… நீதான்டி அவனை மனுசனாக்கினே! உன்னை அடுப்பாண்டை சேக்கலியே பாவி நான்! வாம்மா, வீட்டுக்குப் போலாம்.”

வாசலில் குமாரசாமி உள்ளே வரத் துணியாமல் வெயிலில் நின்றிருந்தான். கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள வாங்க, ஏன் அங்கியே நிக்கிறீங்க?” என்றாள். அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் விம்மினான்.

கலாவதி மாமியாருக்குத் தறியைக் காட்டினாள். “இது கல்யாணப் பொடவை அத்தை. சாயங்காலம் தரேன்னு வாக்குக் குடுத்திருக்குது. முடிச்சிட்டுத்தான் வரணும்.”

தில்லையம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூலையிலிருந்த ராட்டையை இழுத்துப் போட்டு, அந்தத் தறியின் நாடாவில் வைக்கும் நூல்தாரைச் சுற்ற உட்கார்ந்தாள்.