சூடேறினால் எதையும் குடிக்கும்

அன்றைக்குப் பனி கொட்டியதா, கண்ணை மறைத்த வெறும் புகார்தானா என்று ஸ்ரனிஸ்லாசுக்கு இப்போது நிச்சயமில்லை. எண்ணெய் அடிக்க எந்த ஊர்ப் பெற்றோல் செட்டில் நின்றார்கள் என்பதும் மறந்துபோயிற்று. கோபம் மட்டும் பிழையில்லாமல் நினைவிருக்கிறது. கோபத்துக்குப் பின்னால் வந்த மணமும்.

கார் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று நாலாம் ஆண்டு மார்கழி. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. ஆறு வருடமாகக் காணாத மனைவி பிறேமா, மகள் லவினியாவோடு அன்று பிராங்பேர்ட்டில் வந்து இறங்குகிறாள். ஜெர்மனில் ஒரு சொல் தெரியாதவள். பீலெஃபெல்டிலிருந்து புறப்பட்ட இந்தப் பயணம் அவளைக் கூட்டிவரத்தான். பக்கத்தில் இருந்தவன் அவளுடைய தம்பி ஜெசிந்தன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கோடை மட்டுமே கண்டவன். கடைசியாக நின்ற இடத்தில், அத்தான் கழிவறைக்குப் போய்வருவதற்குள், எண்ணெய் அடித்து முடித்திருந்தவனும் அவன்தான்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல டக் டக் என்றது.

"என்னத்தையடா அடிச்சனி?"

"டீசல், அத்தான்."

"இது பெற்றோல் கார்!"

"தெரியும். ஊரில பெற்றோல் தடை நேரம் நான் மண்ணெண்ணெயில எல்லோ ஓடினனான். ஸ்ராட் பண்ணத்தான் பெற்றோல் வேணும். சூடேறினாப் பிறகு எதையும் குடிக்கும்."

"உன்ர மூளையையும் மண்ணெண்ணெயிலதான் ஊற வைச்சனியோ?"

"பயப்பிடாதேங்கோ அத்தான். கொஞ்சம் இருமும். ஆனா சாகாது." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான். பிறேமா தொலைபேசியில், "இஞ்சரப்பா, தம்பி பாவம், அவனை ஏசாதேங்கோ" என்று கெஞ்சியதெல்லாம் அந்தச் சிரிப்பில் எரிந்துபோனது. பின்னால் வெள்ளைப் புகை எழும்ப, ஸ்ரனிஸ்லாஸ் காரைக் காட்டோரத்து வாகனத் தரிப்பிடம் ஒன்றுக்குள் திருப்பினான். கார் தள்ளாடி நின்றது. சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இறங்கு. ரோட்டுக்கரையில செம்மஞ்சள் தூண் இருக்கும், அதுக்குள்ள போன் இருக்கும். உதவி கூப்பிடு. கூப்பிடாமல் என்ர முகத்தில முழியாதே."

"பாசை தெரியாது, அத்தான். அந்த ஜாக்கெட்டையாவது..."

"இறங்கடா!"

போட்டிருந்த வெறும் சேட்டோடு இறங்கினான். ஸ்ரனிஸ்லாஸ் எட்டிக் கதவை இழுத்தடித்துப் பூட்டினான். ஜெசிந்தனின் தடித்த ஜாக்கெட் பின்சீட்டில் கிடந்தது. அது கண்ணில் பட்டது. எடுத்துக் கொடுக்கவில்லை. குளிரட்டும், அப்பதான் புத்தி வரும் என்று நினைத்தான்.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஊசியிலை மரங்களுக்கு அப்பால் வாகனங்கள் ஓடும் இரைச்சல் கடல்போல வந்து வந்து தேய்ந்தது. குளிரும் எஞ்சினின் தகரம் எங்கோ கிண் கிண் என்று சுருங்கியது. தன் மூச்சே கண்ணாடியில் படிந்து, வெளியே இருந்த காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதைப் பார்த்தபடி, அந்த விசரனை என்னென்ன கேட்கவேண்டும் என்று அவன் ஒவ்வொரு சொல்லாகத் தீட்டிக்கொண்டிருந்தான். கோபம் இதமாக இருந்தது. போர்வைபோல.

காருக்குள் நின்ற டீசல் மணம் மெல்ல மாறிற்று. மண்ணெண்ணெய்.

பின்பார்க்கும் கண்ணாடியில் தொங்கிய செபமாலை நடுங்கியது. காற்றில்லை. கதவுகள் பூட்டியபடி. மணிகள் ஒன்றோடொன்று உரசின. அதற்குப் பிறகுதான் சத்தம் அவனுக்குக் கேட்டது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை விரித்தான். சாவி இருந்தது.

கண்ணாடியில் தட்டல். வெள்ளைப் படலத்துக்கு அப்பால் ஒரு கை.

"அத்தான், திறவுங்கோ. போன் காணேல்ல. விரலெல்லாம் மரத்துப்போச்சு."

பூட்டை நோக்கிக் கை போனது. பாதியில் நின்றது. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் என்று நினைத்தான். வாய் திறக்கவில்லை. நினைத்தான், அவ்வளவுதான்.

"நிக்கட்டும், அத்தான்."

பின்னாலிருந்து. அதே குரல்.

பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் கிடந்த ஜாக்கெட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தோள்கள் நிறைந்திருந்தன. கழுத்துக்கு மேல் இருட்டு.

"அத்தான்!" வெளியே. இரண்டு கைகளாலும். "அம்மாவாணை, குளிருது!"

"இப்ப போனா அக்காவைப் பிடிக்கலாம்." உள்ளே. அமைதியாக.

திறந்திருக்கலாம். ஒரு விரல் போதும். பூட்டு அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"உங்களை மலையில அந்தரிக்க விட்டவன் எல்லோ, அத்தான். சிரிச்சவன் எல்லோ."

ஓம். சிரிச்சவன்.

கால் மிதியை அழுத்தியது. கார் இருமவில்லை. வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. கதவோடு ஓடிவந்த காலடிகள் கொஞ்சத் தூரம் கேட்டன. பிறகு கேட்கவில்லை.

விமான நிலையத்தில் பிறேமா தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு விலகி மூக்கைச் சுளித்தாள். "என்னடா இது மணம்? ஜெர்மனியிலயும் மண்ணெண்ணெய் அடுப்போ?"

"ஓம் அக்கா," என்றது அது. ஜெசிந்தனின் முகத்தோடு.

மகள் லவினியா மட்டும் அதன் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

பனி கரைந்தபோது அந்தக் காட்டுக்குள் ஒரு இளைஞனின் உடல் கிடைத்தது. சேட்டோடு, கைமுட்டிகள் மடிந்தபடி. அவனுடைய அடையாள அட்டை ஜாக்கெட் பைக்குள் இருந்ததால், அவனைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். இப்போது பிறேமா பீலெஃபெல்டில் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறாள். லவினியா நாலாம் வகுப்பு. மேல் அறையில் இருப்பது வேலைக்குப் போவதில்லை, கோடையிலும் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. எதைச் சொன்னாலும் "ஓம் அத்தான்" என்கிறது. அந்தக் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்குப் பிறகு யாரும் அதற்கு எண்ணெய் அடிக்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் யாரையும் கோபிப்பதில்லை. போன கிழமை லவினியா பால் கோப்பையை உடைத்தபோது மட்டும், தன்னை அறியாமல், "வெளியில போய் நில்!" என்று கத்திவிட்டான். அவள் அழுதுகொண்டே வாசலுக்குப் போனாள். பின்னால் ஓடிக் கூப்பிட அவன் எழும்பினான்.

வெளியே எஞ்சின் ஓடத் தொடங்கியது. மேலேயிருந்து படியில் மெதுவாக ஒரு காலடி இறங்கியது.

"நிக்கட்டும், அத்தான்."