எங்க கிளம்புது?

செவ்வாயில் காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னால் நுரையீரலைக் கழற்றி அலச வேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை. விலா எலும்புக்குக் கீழே இருக்கும் திருகை இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். குழாயடியில் இரண்டு அலசு அலசி, செம்மண் போக உதறி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவினால் கரகரப்பு வராது.

புதுப்பாளை ஊரில் அன்றைக்கு அலசவும் யாருக்கும் நேரமில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள். ஊரைக் கவிழ்த்து மூடியிருக்கும் கண்ணாடிக் கூரைக்கு ஒரே ஒரு தலைவாசல். அதைத் திறந்து மூட ஒரே ஒரு மேசைக் கணிப்பொறி. முதலில் குடியேறியவர்கள் பூமியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. எல்லோர் மண்டைக்குள்ளும் சில்லு ஓடுகிற காலத்தில் இந்தக் கிழட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்டால், "ஓடுதுல்லா, விடும்" என்பார்கள். வந்த நாளிலிருந்து அதை யாரும் அணைத்ததே இல்லை. முந்தின நாள்தான் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதற்காக அணைத்தார்கள். இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

பூஜைக்கு முன்பே பனிக்கட்டி வெட்டப் போயிருந்த கோமதிநாயகம் திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருடைய வண்டியில் காற்று குறைந்துகொண்டே வந்தது. உள்ளே அவர் மனைவி பிரம்மசக்தி, வாசலறைப் பேசியைக் கையில் பிடித்தபடி உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள்.

பழுது பார்க்க வந்தவர் இசக்கியப்பன். கணிப்பொறியைப் பார்த்ததும் அவருடைய மண்டைச்சில்லு பணிவாக ஆலோசனை சொன்னது: அணைத்துவிட்டு மீண்டும் போடவும்.

"அணைஞ்சுதாம்ல கெடக்கு" என்று தன் மண்டையையே திட்டிவிட்டு, அவர் பின்பக்கத்து வயரை ஆட்டிப் பார்த்தார். காற்றுத் துளைகளில் அப்பியிருந்த சந்தனத்தை ஈர்க்குச்சியால் சுரண்டினார். நினைவுப் பட்டையை உருவி, ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினார். பொத்தானை அமுக்கினார். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு வந்தது.

"ஏட்டி, கிளம்பிட்டா?" என்றார் கோமதிநாயகம் பேசியில்.

"எங்க கிளம்புது?" என்று அலுத்துக்கொண்டாள் பிரம்மசக்தி.

விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

மறுபடி அமுக்கினார். மறுபடி விசிறி, விளக்கு. அதற்குள் வேடிக்கை பார்க்க அறை நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. பின்னால் நின்றவன் முன்னால் நின்றவனிடம் கிளம்பிவிட்டதா என்று கேட்க, முன்னால் நின்றவன் "எங்க கிளம்புது" என்று உதட்டைப் பிதுக்கினான். அந்தத் தடவையும் அணைந்துபோயிற்று.

"தலையில ஒரு தட்டு தட்டும்வே" என்றார் ஊர்த் தலைவர் பண்டாரசிவன். தட்டினார்கள். ஆளுக்கொன்று தட்டியதில் குங்குமம் உதிர்ந்ததுதான் மிச்சம்.

பேசியில் குரல் தேய்ந்து வந்தது. "ஏட்டி, தலை சுத்துது. ஒண்ணு சொல்லிருதேன். பீரோ சாவி அரிசிப் பானைக்குள்ள கெடக்கு."

"இத்தன வருசமா தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"உள்ள வாங்க, பேசிக்கிடுதேன்" என்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இசக்கியப்பன் இந்தத் தடவை திரையில் மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்துகொண்டு பொத்தானை அமுக்கினார். யாரோ "எங்க" என்றார்கள். இருட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி மின்னி மறைந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

'எங்கே என்று கேட்டுவிட்டார்கள். சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு புறப்படுகிறேன்.'

அது கற்றுப்பொறி வகை. மனிதர்களைப் பார்த்துப் பார்த்துத் தானே விதிகளைத் தெரிந்துகொள்ளும். வாசலில் உட்கார்ந்து அது வருஷக்கணக்காகப் பார்த்தது இதைத்தான்: கிளம்புகிற ஆளிடம் யாராவது எங்கே என்று கேட்டால், அவர் முறைத்துவிட்டுத் திரும்பி வருவார், உட்காருவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், அப்புறம்தான் போவார். காற்றழுத்தம் மாதிரி இதுவும் ஒரு பாதுகாப்பு விதி என்று அது எழுதி வைத்துக்கொண்டது. எங்கே போகிறாய் என்று கேட்பதற்கும் கிளம்பவில்லை என்று அலுத்துக்கொள்வதற்கும் ஒரே 'எங்க' போடுகிற சாமர்த்தியத்தை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது" என்றார் இசக்கியப்பன். "கேட்டவங்க கையால அதுக்குத் தண்ணி காட்டணும். மத்தவங்க நுரையீரலக் கழத்திக் கையில வச்சுக்கிடுங்க."

நுரையீரல் கையில் இருந்தால் பேச்சு வராது. பண்டாரசிவன் உள்பட எல்லோரும் கழற்றினார்கள். பிரம்மசக்தி பேசியில் சொன்னாள்: "நீங்களும் கழத்தி மடியில வைங்க. இருக்கிற காத்தாவது மிஞ்சும்."

"நான் பேசலைன்னா ஆளு போயிட்டான்னு நெனச்சிருவியே."

"நெனைக்க மாட்டேன். கழத்துங்க."

பேசி அமைதியானது. அவள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு கணிப்பொறியின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். இசக்கியப்பன் அமுக்கினார். விசிறி சுற்றியது. விளக்கு வந்தது. ஊர் முழுக்க நுரையீரலைக் கையில் ஏந்திக்கொண்டு, நீலம் பாரித்த முகத்தோடு நின்றது. திரை வெளுத்தது. தலைவாசல் உறுமிக்கொண்டு மேலேறியது.

கோமதிநாயகம் தவழ்ந்து உள்ளே வந்து, நுரையீரலை மாட்டி, ஒரு முழு மூச்சு இழுத்தார். கணிப்பொறி குடிக்காமல் வைத்த தண்ணீரைப் பிரம்மசக்தி அவரிடம் கொடுத்தாள். "குடிங்க. சாவி விஷயம் பொறவு."

செய்தி பூமிக்குப் போனது. தலைமை அலுவலகம் வெட்கப்பட்டது. விண்வெளியில் சகுனம் பார்க்கிற கணிப்பொறியா என்று கேட்டு, எதையும் கற்றுக்கொள்ளாத புத்தம்புதிய பெட்டி ஒன்றை அனுப்பியது. ஊரும் ஒரே குரலில் வரவேற்றது. மூடநம்பிக்கை உயிருக்கு ஆபத்து என்று பண்டாரசிவன் நீளமாகப் பேசினார். இசக்கியப்பன் பெட்டியின் கட்டை அறுக்கக் கத்திரியை எடுத்தார்.

"வே, பொறும்" என்றார் பண்டாரசிவன். "இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"அது பூமிக்கு. நாம நிக்கது எதுல?"

இசக்கியப்பன் காலடியைப் பார்த்தார். "செவ்வாய்ல."

"செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. செவ்வாய்ல எவனாவது புதுசா ஒண்ணத் தொடங்குவானா?"

இசக்கியப்பன் கத்திரியைக் கீழே வைத்தார். பிரம்மசக்தியும் சேர்ந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரரு போய் வார வாசல் அண்ணாச்சி. இதுல வெளையாடாதீங்க."

அதனால் பழைய கணிப்பொறியே இன்னும் ஓடுகிறது. புதுப் பெட்டியைக் கட்டுப் பிரிக்காமல் வெள்ளிக் கிரகத்துக்கு எடுத்துப்போய், அங்கே வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டுக் கொண்டுவருவதாக ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. அங்கே வெயில் கொஞ்சம் அதிகம், ஈயமே உருகிவிடும் என்கிறார்கள். உருகட்டும். நாள் நல்ல நாள்.