சொல்லிவிட்ட இரண்டு எண்கள்

"நம்பரை என்கிட்ட சொல்லாதீங்க!"

செல்போன் கடைக்காரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மழையில் நனைந்து வந்து நின்ற தையல்காரிக்குச் சுருக்கென்றது. உடைந்த திரையை மாற்றித் தரச் சொன்னாள். பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

"எல்லாக் கடையிலயும் கேட்டே வாங்கிக்குவாங்க."

"இங்க வேணாம். கழுத்துல டேப் தொங்குது... தையல் வேலை போல. அளவெடுக்கும்போது திரைச்சீலையை இழுத்து விடுவீங்கல்ல? அந்த மாதிரிதான் இதுவும்."

"போனுக்கு என்னங்க வெட்கம்?"

சிரிக்கக் கூடாதென்று அவன் உதட்டைக் கடித்தான். கண்கள் மட்டும் சிரித்துவிட்டன. கொட்டுவதற்கு முந்திய மேகம் மாதிரி கறுத்த கண்கள்... அவள் அவசரமாக வெளியே பார்த்தாள்.

அரை மணியில் திரை மாறியது. அவளே எண்ணை அழுத்த, போன் விழித்துக்கொண்டது. உடனே மணியும் அடித்தது.

ஒரு பெண் குரல், அழாத குறை. "அக்கா, நான் உங்க பழைய கஸ்டமர். எனக்கு வரவேண்டிய ஆறு நம்பர் கோடு தப்பா உங்க போனுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கக்கா..."

தையல்காரிக்கு இளகிய மனசு, பாவம். "இரும்மா... நாலு, ஒண்ணு, ஏழு, எட்டு..."

ஒரு கை பாய்ந்து வந்து திரையை மூடியது. "சொல்லாதீங்க! அது உங்க வாட்ஸ்அப்பையே திறந்து விடற கோடு!"

அவள் விரல்கள்மேல் அவன் விரல்கள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இந்தக் கையைப் பிடிக்கற வேலையெல்லாம் வேணாம். யார்கிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியும்!"

மழையிலேயே இறங்கி நடந்தாள். தெருமுனை திரும்புமுன் அதே குரல் மறுபடி கூப்பிட்டது. அவன் சொன்னது காதில்தான் இருந்தது... ஆனால் அவன் சொல்லி நான் கேட்பதா? வீம்பு வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த இரண்டு எண்ணையும் சொன்னாள்.

தையல்கடைக்குள் நுழைந்து தலையைத் துவட்டும்போது, அங்கே கூட வேலை செய்யும், பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா தன் போனை நீட்டினாள். "என்னடி இது? 'புது மாடலுக்கு அளவு பார்க்கணும், மேல்துணி இல்லாம நின்னு படம் அனுப்புங்க'ன்னு எனக்கே அனுப்பியிருக்க?"

வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அது அவளை வெளியே தள்ளியிருந்தது.

நேரில் வர முடியாத பெண்கள், அளவுக்காக அவளுக்குப் படம் அனுப்புவது வழக்கம். இருநூறு பேர். அவள் கேட்டால் ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். இப்போது அவள் பெயரில் யாரோ கேட்கிறார்கள்...

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள்.

"சொல்லிட்டேன்... என் பேர்ல யாரோ கஸ்டமருங்ககிட்ட படம் கேக்கறாங்க. இருநூறு பேருங்க!" என்று கடை வாசலில் மூச்சிரைக்க நின்றாள். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பான் என்று காத்திருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. உங்க நம்பரைப் போட்டு மறுபடி உள்ள போங்க. புதுக் கோடு உங்களுக்குத்தான் வரும்."

"மறுபடி தப்பாப் போட்டுட்டா?"

"பக்கத்துலயே இருக்கேன். மெதுவா."

கோடு வந்தது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது... சட்டென்று உள்ளே விட்டுவிட்டது!

"அவங்க வெளிய போயாச்சு. பழைய படமெல்லாம் உங்க போன்லதான் இருக்கு, அவங்களுக்குப் போயிருக்காது. இப்ப செட்டிங்ஸ்ல போய், உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய எண் வைங்க. இனிமே கோடு கிடைச்சாலும் அது இல்லாம நுழைய முடியாது. அப்புறம் ஒருத்தர் விடாம கூப்பிட்டுடுங்க."

கூப்பிட்டாள். அவன் கடை போனிலிருந்து பாதிப் பேரை அழைத்து, அவள் கையில் கொடுத்தபடியே இருந்தான். கடை அக்காவைத் தவிர இன்னும் ஏழு பேருக்கு அந்தச் செய்தி போயிருந்தது. ஆறு பேர் பார்க்கவேயில்லை. ஏழாவது பெண்...

"நீ எப்பவும் அளவு தெரிய ஸ்கேலைப் பிடிச்சு நிக்கச் சொல்லுவியே, அதைத்தான் வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சதும் எடுத்து அனுப்பறேன், திட்டாத!"

"தேடாதீங்கக்கா... தேடவே வேணாம்!"

போனை வைத்துவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கி, மூச்சு அதுபாட்டுக்கு வந்துபோயிற்று.

"எல்லாம் முடிஞ்சுதுங்க" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏன் சொல்லிக் காட்டலை? திட்டிட்டுப் போனவதானே நான்?"

அவன் கையிலிருந்த திருப்புளியை உருட்டினான். "வெறுங்காலோட ஓடி வந்தீங்க... அந்த இருநூறு பேருக்காக. அதைப் பார்த்ததும் ஜெயிக்கத் தோணலை. பிடிச்சுப் போச்சு."

"எது?"

"நீங்கதான்."

காது மடல் வரைக்கும் சிவந்தது அவளுக்கு. "நான் வீம்புக்காரி."

"கொஞ்சம் குறைச்சுக்கலாம்..."

"மாட்டேன்" என்றாள். நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். "ஆனா... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."