பூச்சின் திசை

"என் பொண்ணு உயிரோட இருக்கா. போன வாரம் வீட்டுக்கு வந்து போயிருக்கா" என்றாள் வந்தவள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

வக்கீலம்மா பேனாவை மூடினார். நீதிமன்றத்தை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஓவிய ஆசிரியரான அவருடைய தம்பி ஏற்கெனவே செருப்பை மாட்டத் தயாராகிவிட்டார்.

விஷயம் இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் படகு கவிழ்ந்ததில் மகள் காணாமல் போனாள், உடல் கிடைக்கவில்லை. எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டக் கற்றுக்கொண்டிருந்தவள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மேதை ஒருவரின் ஓவியத்தை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு அடிப்பூச்சு மட்டுமே போட்டிருந்தாள். போன வாரம் தாய் தன் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, அந்த முகத்தில் சதையின் நிறம் ஏறியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"எனக்கென்ன தெரியும்னுட்டார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவ பேச்சை எடுத்தாலே வெளிய போயிடுவார்."

அன்றே மூவரும் கிளம்பிப் போனபோது, அவர்கள் வீட்டு நீலக் கதவின் மேல் வக்கீலம்மா விரலை ஓட்டினார். "யார் அடிச்சது?"

"அவர்தான். கண்ணாடி மாதிரி இருக்குன்னு தெருவே சொல்லும்."

உள்ளே ஓவியத்தைக் கண்டதும் தம்பிக்கு வாய் நிற்கவில்லை. "அக்கா, பழைய ஆளுங்க முகத்துக்கு முதல்ல பச்சை கலந்த சாம்பல் பூசுவாங்க. பார்த்தா பிணம் மாதிரி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது காஞ்சதும் மேல ரோஸ் நிறத்தை மெல்லிசா, சல்லாத்துணி மாதிரி படர விடணும். கன்னத்து நிழல்ல அந்தப் பச்சை எட்டிப் பார்க்கும். உயிரே அதுலதான்."

"இதுல எட்டிப் பார்க்குதா?"

தம்பி குனிந்து பார்த்தார். "இல்லியே. முழுசா மூடியிருக்கு. அவசரத்துல பூசியிருப்பா. ஆனா உதட்டு நிறம் அப்படியே அசல். அந்தப் படத்தை நேர்ல பார்த்துப் பழகினவங்களாலதான் முடியும்."

"அப்ப அவதான்" என்றாள் தாய்.

வக்கீலம்மா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் தூரிகை இழைகளின் தடங்கள் வரி வரியாக எழுந்து நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றார்.

கணவர் வந்து அறை வாசற்படியிலேயே நின்றார்.

"முகம் தீட்டறவங்க தூரிகை கன்னத்தோட வளையும், மூக்கோட இறங்கும்" என்றார் வக்கீலம்மா, மெதுவாக. "இதுல தாடையிலேர்ந்து நெத்தி வரைக்கும் எல்லா இழைத் தடமும் நேரா, கீழேர்ந்து மேல போய் முடியுது. பூசினப்புறம் தடம் தெரியாம இருக்க, கடைசியா ஒரே திசையில இழுத்து விட்டிருக்கு. கதவுக்குத்தான் அப்படிச் செய்வாங்க. உங்க வாசல் கதவுலயும் விரலை ஓட்டினா அதே நேர் இழை லேசாத் தட்டுப்படுது. அதோட, அவ்வளவு பொறுமையாப் பச்சை பூசின பொண்ணு அதை இப்படிப் புதைக்க மாட்டா."

கணவர் தரையைப் பார்த்தார். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மியூசியத்துக்குப் போய் அந்த அசல் படத்துக்கு முன்னாடி நிப்பேன். பலகைத் துண்டுல பழகினேன்."

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"நீ தினமும் அந்தப் பச்சை முகத்தோட பேசிட்டிருந்தே. எனக்கு அது தண்ணியிலேர்ந்து எடுத்த முகமாவே தெரிஞ்சுது. கொஞ்சம் நிறம் வந்தா தேவலைன்னு நெனச்சேன். அவ வந்துட்டான்னு நீ சிரிச்சப்ப, எனக்குச் சொல்ல வாய் வரல."

"அப்ப அவ வரல."

இவ்வளவு உற்சாகமாகப் பேசியிருக்க வேண்டாம் என்று தம்பிக்குத் தோன்றியது.

அவள் ஓவிய ஆசிரியரிடம் திரும்பிக் கேட்டாள். "சார், இதைத் துடைச்சா அடியில இருக்கறதும் போயிடுமா?"

"போகாதும்மா. அது நல்லாக் காஞ்சு இறுகியிருக்கும். இது இன்னும் ஈரம். எண்ணெய் தொட்டுத் துடைச்சா மேல இருக்கறது மட்டும் வரும்."

"அதுதான் அவ கை பட்டது" என்றபடி பழைய துணியொன்றை எடுத்தாள்.

கணவர் படியிலிருந்து இறங்கி வந்தார். அவளுக்கு எதிரே குந்தி, சட்டம் ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அழுத்தாதே" என்றார்.

கன்னத்திலிருந்து ரோஸ் நிறம் துணிக்கு வரத் தொடங்கியது.