செண்பகா தேவி பாதையில் ஒரு மசாஜ்

அடைத்துப் போட்ட பாதையில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

மாரிராஜ் நின்றான். கீழே மெயின் அருவியில் இந்த வாசத்துக்கு யாரும் மூக்கைக்கூடத் திருப்பமாட்டார்கள். சீசன் வந்துவிட்டால் குற்றாலமே ஒரு தாளிப்புச் சட்டிதான். இடுப்பில் துண்டு கட்டிய மசாஜ்காரர்களும், அவர்கள் கையில் அகப்பட்டுச் சப்புச் சப்பென்று அடிவாங்கும் வெளியூர்த் தொந்திகளுமாக ஊரே வழுக்கும். ஆனால் இது செண்பகா தேவி அருவிக்கு ஏறுகிற காட்டுப்பாதை. ஆள் ஏறக் கூடாதென்று கம்பி கட்டி, கரடி, சிறுத்தை, யானை என்று வரிசையாக எழுதி போர்டும் வைத்திருந்தார்கள். மசாஜ் பற்றி போர்டில் ஒன்றும் இல்லை. ஈரப் பாசி, அழுகும் இலை, எங்கேயோ விழுந்து வெடித்துக் கிடக்கும் பலா, இவற்றுக்கெல்லாம் அடியில், யாரோ இப்போதுதான் சுட வைத்து இறக்கியது போல வெதுவெதுப்பாக அந்த வாசம்.

"மாப்ள, ஒனக்கு எண்ண வாட வருதா?"

"எனக்கு ஒன் வாடதாம்லே வருது. சட்டைய என்னைக்குத் தொவச்ச?" என்றான் விஜய்பாண்டி, முன்னால் நொண்டிக்கொண்டே.

விஜய்பாண்டிக்கு ஆவணியில் கல்யாணம். பொண்ணு மாரிராஜின் தங்கை உமாராணி. அதற்கு முன்னால் அவன் போலீஸ் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும். அவர்கள் தெருவில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு ஏட்டு மேல்தான் படும். அதனாலேயே யாரும் எறிவதில்லை. அப்படிப்பட்ட தெருவில் போலீஸ் ஆகாத மாப்பிள்ளை என்றால் பந்தியில் பாயாசம்கூட யோசித்துத்தான் ஊற்றுவார்கள். மேட்டில் ஓடிப் பழகினால் சமதளம் தானாக வரும் என்று யூடியூபில் எவனோ சொல்லியிருந்தான். கம்பிக்கு அடியில் நுழைந்து ஏறினார்கள். பாதி மலையில் விஜய்பாண்டியின் வலது முட்டி பிசகியது. திரும்பினார்கள்.

காலையில் உமாராணி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு சொன்னாக் கேக்கமாட்டாரு. நீ கூடப் போயி கூட்டிட்டு வந்துரு," என்றாள். அதிகம் பேசாதவள். அதனால் அந்தச் சொல் அவனுக்குள் கல் மாதிரி கிடந்தது.

சாரல் வலுத்தது. மதியம்தான் என்றாலும், மரங்களுக்கு மேலே படிந்த மேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதையின் ஓரங்களைத் தின்று, பிறகு பாதையையும் தின்று, முன்னால் போகிறவனின் முதுகை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. கீழே அருவி இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் வேறொரு ஓசை.

சப். சப். சப்.

வளைவில் தட்டையான ஒரு பாறை. பக்கத்தில் ஓடைத் தண்ணீர். பாறைமேல் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வெற்று மேல், மடித்துக் கட்டிய சிவப்புத் துண்டு, பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. ஒல்லியான ஆள், கைகள் மட்டும் வேறொரு பெரிய ஆளிடம் கடன் வாங்கியது போல இருந்தன. அந்தக் கைகளால் வெறும் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார். பாறை பளபளவென்று மின்னியது.

குற்றாலத்தில் எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், நீ யார், இங்கே எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. விஜய்பாண்டியும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, முட்டி பிசகிட்டு. பாப்பியளா?"

அவர் நிமிர்ந்தார். "எங்கன வலிக்குது?"

"வேண்டாம் மாப்ள," என்றான் மாரிராஜ். "கீழ போயி பாத்துக்கிடலாம்."

"கீழ போவதுக்கே கால் வேணும்லா மச்சான்? நீ தூக்குவியா? ஒரு மூட அரிசி தூக்கினதுக்கே மூணு நாள் மொனங்குனவந்தான நீ." விஜய்பாண்டி பாறையில் மல்லாந்தான். "இங்கன அண்ணாச்சி. வலது முட்டி."

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்தார். மழையிலும் ஆவி பறந்தது. முட்டியைச் சுற்றிக் கட்டைவிரல்கள் மெல்ல வட்டம் போட்டன. தொடையிலிருந்து கணுக்கால் வரை எண்ணெய் வழிய வழிய நீவி, தட்டி, உருட்டி, மறுபடி நீவி, அந்தச் சப்பென்ற ஓசையில் ஓடையும் சாரலும்கூடத் தாளம் போடுவது போல இருந்தது. விஜய்பாண்டியின் முகம் தளர்ந்தது. மாரிராஜுக்கே கொட்டாவி வந்தது.

அப்போது கட்டைவிரல்கள் உள்ளே போயின.

மங்குஸ்தான் பழத்தை இரண்டு பக்கமும் அமுக்கினால் தோல் பிளந்து வெள்ளைச் சுளை வெளியே வருமே, அப்படி வந்தது முட்டிச் சில்லு. அவர் அதை ஓடையில் அலசினார். பாறை ஓரத்தில் வைத்தார்.

"ஐயோ," என்றான் விஜய்பாண்டி, கண்ணை மூடிக்கொண்டு. "என்னா சொகம்."

மாரிராஜின் மனம் அவசரமாக ஒரு விளக்கம் தேடியது. கிடைத்த ஒரே விளக்கம், இது வேறு யாருக்கோ நடக்கிறது என்பதுதான்.

"வேற எங்கன வலிக்குது?"

"தோளு. ரெண்டு தோளும். கையும்தான் அண்ணாச்சி."

இப்போது ரத்தம் வந்தது. எண்ணெயோடு கலக்காமல், எண்ணெய்க்கு அடியில் திட்டுத் திட்டாகப் பாறையில் இறங்கியது. அக்குளில் புகுந்த கை எதையோ பிடித்துத் திருகி இழுத்தது. பச்சை மரக்கிளை முறியும் ஓசை. நீளமாக ஒன்று. அலசல். இன்னொன்று. அலசல். விஜய்பாண்டி தூக்கத்தில் சிரிக்கும் குழந்தை போலச் சிரித்தான்.

மாரிராஜ் ஒரு பெரிய கல்லை எடுத்தான். இரண்டு கையாலும் தூக்கி அவர் மண்டையில் போட்டான். மண்டை உள்ளே இறங்கியது. கைகள் நிற்கவில்லை. மறுபடி போட்டான். ஒரு கண் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. கைகள் நிற்கவில்லை. கைகளின் மேல் போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான், விரல்கள் நசுங்கி நாலாபக்கமும் திரும்பும்வரை.

அவர் நிறுத்தினார். நசுங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தார். ஒவ்வொன்றும் நேரானது.

பாதி முகம் மாரிராஜைப் பார்த்தது.

"ஒங்களுக்கு எங்கன வலிக்குது தம்பி?"

"எங்கனயும் இல்ல."

"சரி," என்றார். அவ்வளவுதான். அவனை விட்டுவிட்டு எலும்புகளை அலசப் போனார்.

அவனுக்குப் புரிந்தது. வலிக்குது என்றால்தான் வருவார்.

விஜய்பாண்டியை அள்ளினான். ஈர மெத்தையை அள்ளுவது போல இருந்தது. எங்கே பிடித்தாலும் வேறெங்கோ வழிந்தது. முதுகில் போட்டு, தன் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டினான். இரண்டு கைகளும் காயாத வேட்டி மாதிரி முன்னால் தொங்கின. சூடாக ரத்தம் அவன் கால்சட்டைக்குள் இறங்கியது. ஓடினான்.

பின்னால் யாரும் துரத்தவில்லை. அதுதான் அவனை இன்னும் வேகமாக ஓடவைத்தது.

"மெதுவாப் போ மச்சான்," காதருகே விஜய்பாண்டி. "எனக்கு ஒண்ணுமே வலிக்கல."

"பேசாத மாப்ள. ஆஸ்பத்திரி போயிருவோம். உமாகிட்ட ஒன்னய சேத்துருவேன்."

அருவி பெரிதாகக் கேட்டது. ஆட்களின் கூச்சல். போலீஸ் விசில். மரங்களுக்கு நடுவே கம்பி. எட்டிவிடும் தூரம்.

பாசி.

வழுக்கினான். இடது கால் இரண்டு வேர்களுக்கு நடுவே போனது. உடம்பு வேறு பக்கம் போனது. டக். கணுக்காலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே நின்றது.

கத்தக் கூடாது.

முன்கையைக் கடித்தான். தோல் கிழிந்தது. சதை. உப்பு. இன்னும் கடித்தான். சத்தம் மூக்கு வழியாக வந்தது. அதையும் அடக்கினான். கம்பியைப் பார்த்தான். முழங்கையை ஊன்றி நகர்ந்தான். இன்னும் கொஞ்சம். இன்னும்.

"மச்சான்," என்றான் விஜய்பாண்டி. "வலிக்குதாலே?"

தலையை ஆட்டினான். இல்லை.

"பொய் சொல்லுத."

இல்லை. இல்லை.

"எனக்காக எவ்வளவு கஷ்டப்படுத நீ." அவன் குரல் தழுதழுத்தது. உண்மையான பாசம். மாரிராஜின் காதில் சூடாக ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. பிறகு விஜய்பாண்டி தலையைப் பின்னால் சாய்த்து மலையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சீ! இங்கன வாங்க. இவனுக்கு ரொம்ப வலிக்குது."

கூச்சல் நின்றது போல. விசில் நின்றது போல. எண்ணெய் வாசம்.

மாரிராஜ் நகர்ந்தான். நகர முடியவில்லை. முன்னால் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கைகள், எலும்பில்லாத கைகள், மெல்ல உயர்ந்தன. ஆறுதலாக அவன் கழுத்தைச் சுற்றின. ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று.

"அசையாத மச்சான்," என்றான் விஜய்பாண்டி. "ஒரு நிமிசம்தான்."

கால்மாட்டில் இரண்டு உள்ளங்கைகள் சூடு பறக்கத் தேய்ந்தன.